உங்களுக்குத் தெரியுமா? தண்டுவட நீரில் வைரஸின் தடயம்

மூளையை வைரஸ் தாக்கியிருப்பதை உறுதிசெய்ய, இடுப்புப் பகுதியில் முதுகெலும்புகளுக்கு இடையே ஊசி செலுத்தி எடுக்கும் தண்டுவட நீரே முதன்மையான மாதிரி. வைரஸ் தொற்றில் அது பெரும்பாலும் தெளிந்த தண்ணீராகவே சொட்டும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸின் டிஎன்ஏவை அதில் பிசிஆர் சோதனை காட்டிவிடும். ஆனால் நோயின் முதல் 3 நாள்களுக்குள் எடுத்த மாதிரியில் ‘இல்லை’ என்றும் வரக்கூடும். சந்தேகம் நீடித்தால் சில நாள் கழித்து மீண்டும் எடுக்க வேண்டும். அதுவரை ஹெர்பிஸ் வைரஸுக்கு எதிரான மருந்தான அசைக்ளோவிரை நிறுத்துவது ஆபத்து.

ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கு அணுகுமுறை வேறு. நோயாளி மருத்துவமனைக்கு வருவதற்குள் வைரஸ் ரத்தத்திலிருந்து பெரும்பாலும் மறைந்துவிடுவதால் பிசிஆர் அவ்வளவாகக் கைகொடுக்காது. ஐஜிஎம் எதிர்ப்பொருளை எலிசா முறையில் தேடுகிறார்கள். ரத்தத்தில் மட்டும் அது தென்பட்டால் முடிவுகட்ட முடியாது. அண்மையில் போட்ட தடுப்பூசியாலும் அது உண்டாகலாம், டெங்கு எதிர்ப்பொருளும் குழப்பலாம். ஐஜிஎம் பெரிய மூலக்கூறு. ரத்தத்திலிருந்து மூளைப் பக்கம் எளிதில் கடக்காது. ஆகவே தண்டுவட நீரில் அது இருப்பதே வலுவான சான்று. தொடக்க நாள்களில் அதுவும் தென்படாமல் போகலாம் என்பதால், பத்தாம் நாள் வாக்கில் ரத்தத்தை மறுபடி சோதிப்பதுண்டு.