தங்கத்தின் நிறமும் அதன் கூட்டாளிகளும்

ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த திருவண்ணாமலையிலிருந்து ஒரு வாசகர் கடிதம் எழுதியிருக்கிறார். தீபத் திருவண்ணாமலை அல்ல. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் சீனிவாசப் பெருமாளைச் சேவிக்க நம் பக்கத்து ஊர்களெல்லாம் திரளும் மலை. எண்பதுகளில் அவருடைய அப்பா குவைத்திலிருந்து கொண்டுவந்த சுவிஸ் தங்க வாட்சில் செயின் கண்ணி ஒன்று உடைந்துவிட்டதாம். அதே கம்பெனியின் கண்ணியை வரவழைத்துப் போட்டிருக்கிறார். பழைய கண்ணிகள் செம்மை ஓடிய மஞ்சள். புதியது வெளிறிய மஞ்சள். இரண்டிலும் 750 முத்திரை இருக்கிறது. இரண்டில் எது போலி என்று கேட்கிறார்.

எதுவும் போலி இல்லை. 750 என்றால் ஆயிரத்தில் 750 பங்கு தங்கம், அதாவது 18 காரட் என்று நகை வாங்கும் வீட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மிச்சம் 250 பங்கில் என்ன இருக்கிறது என்பதைத்தான் நாம் கேட்பதே இல்லை. ஒரு 18 காரட்டுக்கும் இன்னொரு 18 காரட்டுக்கும் நிறம் மாறுவது அந்த 250 பங்கினால்தான்.

தங்கக் கலவைகளின் நிறத்துக்கென்றே ஐஎஸ்ஓ 8654 என்றொரு சர்வதேசத் தரம் உண்டு. அதில் 2என் என்பது வெளிர் மஞ்சள்: வெள்ளி 160 பங்கு, செம்பு 90. 3என் நல்ல மஞ்சள்: வெள்ளி 125, செம்பு 125. 4என் ரோஜா நிறம்: வெள்ளி 90, செம்பு 160. 5என் சிவப்பு: வெள்ளி 45, செம்பு 205. நான்கிலும் தங்கம் அதே 750தான். செம்பே சேர்க்காமல் 250 பங்கும் வெள்ளியாகவே போட்டால் தங்கத்தில் பச்சை ஓடும். மதுரைப் பொற்கடை வீதியைக் காட்டும் இடத்தில் சிலப்பதிகாரம் நான்கு வகைப் பொன்னைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. அவற்றில் ஒன்று கிளிச்சிறை. வெள்ளி மிகுந்த பொன்னின் பச்சைச் சாயலை நம் வணிகர்கள் அன்றைக்கே கண்ணால் பிரித்து அறிந்திருந்தார்கள் என்றுதான் நான் அதைப் படிக்கிறேன்.

நான் வேலை பார்த்த ராஜபாளையம் ஸ்பின்னிங் மில்லில், நூல் கோன்களைப் பேக்கிங் செய்யும் இடத்தில் ஒரு புற ஊதா விளக்கு எரியும். எல்லாம் ஒரே கவுண்ட், ஒரே வெள்ளைதான். ஆனால் வேறு லாட்டில் வந்த ஒரு கோன் நடுவில் கலந்திருந்தால் அந்த வெளிச்சம் காட்டிக்கொடுத்துவிடும். தனித்தனியே எடுத்தால் இரண்டுமே குற்றமில்லாத நூல். சேர்த்து நெய்து சாயம் போட்டால் துணியில் பட்டை விழும். வாட்ச் செயினிலும் நடப்பது அதுதான். தனியாகப் பார்த்திருந்தால் புதுக் கண்ணியின் மேல் வாசகருக்குச் சந்தேகமே வந்திருக்காது.

எக்ஸ்ரே காரட் மீட்டரில் வைத்துப் பார்த்தால் தங்கம், வெள்ளி, செம்பு மூன்றின் சதவீதமும் தனித்தனியாக வந்துவிடும். ஹால்மார்க் மையங்களில் அந்தக் கருவி இருக்கிறது. பழைய கண்ணி 3என் பக்கமும் புதியது 2என் பக்கமும் நின்றால் பாதிக் காரணம் தெரிந்துவிட்டது. அப்புறம் அந்தப் புதுக் கண்ணியைப் பூட்டுக்கு அருகே, மணிக்கட்டின் அடியில் வரும்படி இடம் மாற்றி மாட்டச் சொன்னால் போதும்.

மீதிப் பாதிக் காரணம் காலம். தங்கம் கறுக்காது என்று சொல்லிச் சொல்லி வளர்ந்துவிட்டோம். சொக்கத் தங்கத்துக்கு அது சரி. 18 காரட்டைப் புரிந்துகொள்ள எடைக் கணக்கை விட்டுவிட்டு அணுக் கணக்குக்கு வர வேண்டும். இந்த விஷயத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது. தங்க அணு கனமானது. ஒரு தங்க அணுவின் எடைக்கு மூன்று செம்பு அணுக்கள் வேண்டும். அதனால் 3என் கலவையில் எடைக்கு முக்கால் பங்கு தங்கம் என்றாலும், தலையெண்ணினால் நூறு அணுவில் 55தான் தங்கம். 28 செம்பு, 17 வெள்ளி. 14 காரட் மஞ்சள் தங்கத்தில் இது ஏறக்குறைய 38 வரை இறங்கிவிடும். செம்பு மட்டும் சேர்த்த 22 காரட்டில் 78 இருக்கும்.

இந்தக் கணக்கின் பலன் தங்கம் சுத்தம் செய்கிறவர்களுக்குக் கைப்பழக்கத்திலேயே தெரியும். பழைய நகையை அப்படியே நைட்ரிக் அமிலத்தில் போட்டால் ஒன்றும் பிரியாது. தங்க அணுக்கள் நெருக்கமாக அரண் கட்டி, உள்ளே இருக்கும் வெள்ளியையும் செம்பையும் அமிலத்திடம் விடாமல் காத்துவிடும். அதனால் முதலில் நிறைய வெள்ளியைச் சேர்த்து உருக்கித் தங்கத்தைக் கால் பங்குக்குக் குறைத்துக்கொள்வார்கள். அரண் உடைந்துவிடும். அதன் பிறகு அமிலத்தில் இறக்கினால் மற்றவை கரைந்துபோய்த் தங்கம் மட்டும் அடியில் தங்கும். 18 காரட், அரண் தாக்குப்பிடிக்கும் எல்லைக்குப் பக்கத்தில் நிற்கும் கலவை. உள்ளே ஒன்றும் ஆகாது. மேல்தோலில் வெளியே தலைகாட்டும் வெள்ளி அணுக்களும் செம்பு அணுக்களும் மட்டும் வியர்வை உப்பிடமும் காற்றில் உள்ள கந்தகத்திடமும் அகப்படுகின்றன.

கந்தகம் வெள்ளியை என்ன செய்யும் என்று சிவகாசிப் பக்கத்துப் பெண்களின் கொலுசைப் பார்த்தாலே தெரியும். ஆனால் அந்தப் படலம் கனம் கூடிய பிறகுதான் கறுப்பு. ஆரம்பத்தில், மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத கனத்தில் அது படியும்போது, படலத்தின் மேலிருந்து திரும்பும் ஒளியும் அடியிலிருந்து திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று கூடியும் கழிந்தும் முதலில் மஞ்சளும், பிறகு பழுப்பும், அப்புறம் ஊதாவும் நீலமுமாக நிறம் காட்டும். பழைய தங்க வாட்ச் ஒன்று வீட்டில் இருந்தால் திருப்பிப் பிடித்து, செயினைத் தாங்கும் நான்கு காதுகளின் உட்பக்கத்தை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். விரலும் சட்டைக் கையும் உரசாத அந்த மூலையில் செம்பழுப்பும், அதன் ஓரத்தில் நூலளவுக்கு ஊதாவும் தெரியும். கண்ணாடியைச் சுற்றிய விளிம்பு தினமும் உரசுவதால் மஞ்சளாகவே இருக்கும். ஒரே வார்ப்பில் வந்த ஒரே உலோகம்தான் இரண்டும்.

செம்பு மிகுந்த சிவப்புத் தங்கத்தில் கதை எதிர்த்திசையில் போகும். நீச்சல்குளத்துக் குளோரினும் வியர்வையும் மேல்தோலிலிருந்து செம்பைக் கரைத்து எடுக்க, சிவப்பு மங்கி மஞ்சள் பக்கம் சாயும். ரோலக்ஸ் 2005-ல் 'எவரோஸ்' என்று கொண்டுவந்த கலவையில் கொஞ்சம் பிளாட்டினம் சேர்த்தது இந்தச் சிவப்பைக் கட்டி நிறுத்தத்தான். நிலவில் மனிதன் இறங்கிய 1969-ல் தொடங்கி ஒமேகா கம்பெனி மஞ்சள் தங்கத்தில் மொத்தம் 1,014 ஸ்பீட்மாஸ்டர் வாட்சுகள் செய்து, விண்வெளி வீரர்களுக்கு அதிலிருந்து பரிசளித்தது. 2019-ல் அந்த வாட்சை அதே எண்ணிக்கையில் மறுபடி செய்தபோது தங்கத்தை மாற்றிக்கொண்டார்கள். 'மூன்ஷைன்' என்ற அந்தப் புதுக் கலவையில் பல்லேடியம் உண்டு. வழக்கமான 18 காரட் மஞ்சளைவிட வெளிறியது, நிறம் நிற்பது என்பது அவர்கள் சொல்லும் பெருமை. இரண்டு வாட்சையும் பக்கத்தில் வைத்தால் நம் வாசகரின் கேள்வியே எழும்.

நமக்கு வெளிறிய மஞ்சள் பிடிக்காது. ஆண்டாள் கோயில் தங்க விமானத்தை அண்ணாந்து பார்த்த கண்ணுக்கு 18 காரட் குறையாகத்தான் படும். ஓசூரில் டைட்டன் கம்பெனி தொண்ணூறுகளில் தனிஷ்க் நகைகளை 18 காரட்டில் தொடங்கி, ஜனங்கள் ஏற்காததால் 22-க்கு மாறியது பலருக்கு நினைவிருக்கும். அதே கம்பெனியின் நெபுலா தங்க வாட்சுகளோ 18 காரட்தான். 22 காரட்டில் வாட்ச் செய்தால் திருகு மரை தேயும், செயின் இழுபட்டு நீளும், கண்ணாடியைப் பிடிக்கும் விளிம்பு தளரும். உறுதிக்காகச் சேர்த்த உலோகத்தை மட்டத் தங்கம் என்று ஏளனம் செய்வது அநியாயம்.

அந்த ஏளனத்தால்தான் பழைய தங்க வாட்சுகள் அழிகின்றன. நிறம் மங்கிவிட்டது என்று கடைக்குக் கொண்டுபோனால் உடனே பஃபிங் சக்கரத்தில் பிடித்துவிடுகிறார்கள். வளையலுக்கு மெருகு போடுவது வேறு. வாட்ச் கேஸில் கூரான விளிம்புகள் அளந்து வெட்டியவை. இரண்டு மெருகில் அவை மழுங்கும், காதுகள் மெலியும், முத்திரை கரையும். சக்கரத்தடியில் தூளாக உதிர்வதும் தங்கம்தான். விலை ஏறியதிலிருந்து அதைவிட மோசமும் நடக்கிறது. கேஸைக் கழற்றித் தராசில் வைத்துவிட்டு, நாற்பது வருடம் ஓடிய இயந்திரத்தைக் காகிதத்தில் பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். கேஸ் உருகிச் சுத்தமாகி 22 காரட் மோதிரமாகப் போய்விடும். அந்த இயந்திரத்துக்கு இனி வீடு கிடையாது. அப்பாவின் கையில் ஏறிய நிறத்தை எந்தக் கம்பெனியும் திரும்பச் செய்து தர முடியாது என்று தெரிந்தால் பலர் யோசிப்பார்கள் என்று நம்புகிறேன்.

விற்கத்தான் வேண்டும் என்றாலும் முதலில் பூதக்கண்ணாடியில் முத்திரையைப் பாருங்கள். 750 இல்லாமல் 'மைக்ரான்' என்று போட்டிருந்தால் அது முலாம். 1995 ஆகஸ்டு முதல் சுவிஸ் அரசு முத்திரை செயின்ட் பெர்னார்ட் நாயின் தலை. நாய்க்குப் பேர்போன ராஜபாளையத்திலிருந்து இதை எழுதுவதில் எனக்குத் தனி சந்தோஷம். அதற்கு முந்தைய 18 காரட் கேஸ்களில் ஹெல்வெசியா என்னும் பெண்ணின் தலை இருக்கும். வீட்டிலேயே வைத்துக்கொள்வதானால் மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தால் போதும். புளி, சாம்பல், பற்பசை மூன்றும் கூடாது. செயினைத் தனியே கழற்றிப் பூந்திக்கொட்டை நீரில் அலசலாம். கேஸைத் தண்ணீரில் காட்டும் முன், உள்ளே வாஷர் நன்றாக இருக்கிறதா என்று ரிப்பேர்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.