கெட்டிமேளம் எப்போது?

கலியாண வீட்டிலே பாட்டுப் போடுவது எளிய காரியம் என்றே பலரும் எண்ணுகின்றனர். நல்ல பாட்டுக்கள் சிலவற்றைத் தெரிந்தெடுத்து ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கவிட்டாற் போதும் என்பது அவர்கள் கருத்து. ஆயின், அதே பாட்டுக்கள் ஒருவர் கையிற் சபையைக் கட்டிவைக்கின்றன. இன்னொருவர் கையிற் கலைத்துவிடுகின்றன. வேறுபாடு பாட்டில் இல்லை, கோவையில் இருக்கிறது.

டீ.ஜே. எனப்படுவோரின் கலை இக்கோவைக் கலையே. 1970களில் நியூயோர்க் நகரின் புரொங்ஸ் பகுதியில், ஜமெய்க்காவிற் பிறந்த கூல் ஹேர்க் என்பவர் ஒரே இசைத்தட்டின் இரு பிரதிகளை இரண்டு சுழலிகளில் வைத்து, சபையோர் விரும்பியாடும் தாளப் பகுதியை மாறிமாறி நீட்டினார். இன்று அச்சுழலிகளின் வேலையை வீட்டுக் கணினியே செய்துவிடுகிறது. ஆதலின், மாணவர் பலர் இதனைப் பொழுதுபோக்காகப் பயில்கின்றனர்.

கருவி புதிது; முறைமை யாழ்ப்பாணத்தவர்க்குப் புதிதன்று. கோயில் வீதியில் மேளச்சமா கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இணுவிலிற் பிறந்த தவில் மேதை தட்சிணாமூர்த்தி (1933–1975) பெயர் சொன்ன மண் இது. ஆலாபனையில் நிதானமாகத் தொடங்கி, கீர்த்தனையில் வளர்ந்து, தவில் தனியில் உச்சமெய்தி, மெல்லிய உருப்படிகளில் இளைப்பாறி, மங்களத்தில் நிறைவது சமா. தாலி கட்டும் வேளைக்கே கெட்டிமேளம். காலை முதல் அதனையே கொட்டினால், தாலியேறும் வேளையை யார் அறிவர்?

இம்முறையையே பாட்டுக் கோவைக்கும் கொள்ளலாம். நான்கு நிமிடப் பாட்டாயின், ஒரு மணி நேரத்துக்குப் பதினைந்து போதும். முதல் மூன்றும் மென்மையாக அமைக. அடுத்த ஐந்தும் படிப்படியாக ஏறுக. பின்வரும் நான்கு உச்சம். இறுதி மூன்றும் இறக்கம். மிகச் சிறந்த பாட்டை முதலிலேயே செலவிட்டுவிடலாகாது.

இனி, இணைப்பு. நிமிடத்துக்கு 96 தட்டு உள்ள பாட்டின் பின் 100 தட்டுள்ளது வந்தால் காது உறுத்தாது. 130 வந்தால் திடுக்கிடும். வேகம் ஒத்தாலும் நடை ஒவ்வாவிடிற் பயனில்லை: திசிர நடைப் பாட்டின் மேற் சதுசிர நடைப் பாட்டை ஏற்றினாற் கால் தடுமாறும். சுருதியும் இணங்க வேண்டும். இரண்டு குரல்கள் ஒருங்கே ஒலிக்கலாகாது. ஒன்றின் முடிவிசையில் மற்றதன் தொடக்க இசையைக் கலப்பதே நன்று. அப்போது பழைய பாட்டின் மந்த ஒலியைக் குறைத்த பின்னரே புதியதன் மந்த ஒலியை உயர்த்துதல் வேண்டும். இன்றேல் இரண்டும் குழம்பி இரைச்சலாகும்.

இவையனைத்தும் கைவந்தாலும் சபையறியாதவன் தோற்பான். முன்வரிசையில் ஆச்சி இருக்கிறார். பின்வரிசையிற் பேரப்பிள்ளை நிற்கிறான். விசுவநாதன்–இராமமூர்த்தி பாட்டொன்றிலிருந்து இன்றைய பாட்டுக்கு ஒரே தாவாகத் தாவினால், இருவரில் ஒருவர் எழுந்து போவது உறுதி. இளையராஜாவையும் ரகுமானையும் இடையிற் படிகளாக வைத்து ஏறினாலோ, ஆச்சி பேரனின் பாட்டுக்கும் தாளம் போடுவார். ஒலியளவும் அவ்வாறே: பந்தலில் அருகிருப்பவரோடு பேச இயலாதாயின் அது விருந்தன்று.

தம்பிமாரே, தங்கைமாரே! கோவையொன்று முடிந்ததும் அதனை வீட்டாருக்குப் போட்டுக் காட்டுங்கள். எவ்விடத்தில் அவர்கள் பேசத் தொடங்குகிறார்களோ அவ்விடத்தைத் திருத்துங்கள். அதனினுஞ் சிறந்த ஆசிரியர் வேறில்லை.