பந்தல்குடி வெடியும் சுமத்ரா அதிர்வும்

விருதுநகர் மாவட்டத்தில் அருப்புக்கோட்டையை அடுத்த பந்தல்குடி, மேலே கரிசலும் கீழே தொன்மையான படிகச் சுண்ணாம்புக்கல்லும் கொண்ட வறண்ட நிலத்து ஊர். 2002ஆம் ஆண்டு மண்டல வரைபடத்தில் இப்பகுதி, நிலநடுக்க அபாயம் மிகக் குறைந்த இரண்டாம் மண்டலத்தில் அடங்குகிறது. ஆனால் அபாயம் குறைவு என்று ஒரு வரைபடம் சொல்வதற்கே, அவ்வூருக்கு வெகு தொலைவில் நிறுவப்பட்ட கருவிகளும், அவற்றின் பதிவுகளைப் படிக்கக் கற்றவர்களும் பல பத்தாண்டுகள் உழைக்க வேண்டியிருந்தது. இத்துறையில் நாடுகள் கைகோத்தது நல்லெண்ணத்தால் மட்டுமன்று; கணக்கே அதைக் கட்டாயமாக்கியது.

நிலத்தடியில் பாறை திடீரென நழுவும்போது இருவகை அலைகள் புறப்படுகின்றன. பாறையை அழுத்தியும் தளர்த்தியும் விரையும் முதன்மை அலை, கடினப் பாறையில் விநாடிக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டர் வேகத்திலும், பாறையைக் குறுக்காக அசைத்துச் செல்லும் இரண்டாம் அலை ஏறத்தாழ 3.5 கிலோமீட்டர் வேகத்திலும் செல்வதால், பந்தல்குடியில் எழும் அதிர்வு நேர்கோட்டில் சுமார் 115 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கொடைக்கானல் நிலநடுக்கப் பதிவு நிலையத்தை எட்டுமானால், அவ்விரு அலைகளும் ஏறத்தாழ 14 விநாடி இடைவெளியில் வந்து சேரும். அந்த இடைவெளி தொலைவைச் சொல்லுமே தவிர, இடத்தை உறுதிப்படுத்தாது. நிலையத்தைச் சுற்றி அத்தொலைவில் ஒரு வட்டம் வரையலாம். இன்னும் இரு நிலையங்களின் வட்டங்கள் அதனை வெட்டும் புள்ளியே மேல்மையம், அதாவது நழுவல் தொடங்கிய இடத்துக்கு நேர்மேலே உள்ள நிலப்பரப்பு. சுமத்ராவில் நிகழும் நழுவலைச் சரியாகக் குறிக்க, அதனை நாற்புறமும் சூழ்ந்த நிலையங்கள் தேவைப்படுவதால், எந்த நாடும் தன் எல்லைக்குள் இருந்துகொண்டு இந்தக் கணக்கை முடித்துவிட முடியாது.

இதனை முதலில் செயலில் காட்டியவர் ஜான் மில்ன் என்ற ஆங்கிலச் சுரங்கப் பொறியாளர். 1876இல் டோக்கியோவுக்குக் கற்பிக்கச் சென்ற அவர், 1880ஆம் ஆண்டு யோகோஹாமா நிலநடுக்கத்துக்குப் பின் ஜப்பானிய நிலநடுக்கவியல் சங்கம் உருவாகக் காரணமானார். 1895இல் நாடு திரும்பி வைட் தீவில் குடியேறியவர், ஒரே வகைக் கருவியை உலகின் பல பகுதிகளில் நிறுவச் செய்து, பதிவு விவரங்களைத் தம்மிடம் வரவழைத்துத் தொகுத்தார். அக்கருவிகளுள் ஒன்று 1899இல் கொடைக்கானலில் இயங்கத் தொடங்கியது. அந்த வலைப்பின்னல் காலனியாட்சியின் தடத்தில் விரிந்தது என்பதையும், மலையுச்சியில் குறிக்கப்பட்ட விவரங்கள் ஒரு சிறு ஆங்கிலத் தீவை நோக்கியே பயணம் செய்தன என்பதையும் மறப்பதற்கில்லை.

1960களில் அமெரிக்கா உருவாக்கிய உலகளாவிய சீர்தரப் பதிவு வலையமைப்பிலும் கொடைக்கானல் இடம்பெற்றது. நிலத்தடி அணுவெடிச் சோதனைகளைக் கண்டறிவதே அதன் உள்நோக்கம். எனினும் ஏறத்தாழ 60 நாடுகளில் 120 நிலையங்கள் ஒரே அளவுக் கருவிகளோடும் ஒரே காலக்கணக்கோடும் இயங்கியதாலும், பதிவுத் தாள்களின் படச்சுருள் பிரதிகள் ஆய்வாளர் எவருக்கும் கிடைத்ததாலும், கண்டத்தட்டுகள் நகர்கின்றன என்ற கோட்பாட்டுக்கு வலுவான சான்றுகள் அதிலிருந்தும் திரண்டன. இராணுவக் கவலையிலிருந்து இவ்வளவு பொதுப்பயன் விளைந்தது அரிது.

பதிவு கிடைத்தாலும், அதை உரிய நேரத்தில் எச்சரிக்கையாக மாற்றும் ஏற்பாடு இல்லையெனில் பயனில்லை. 2004 டிசம்பர் 26 காலை 6.29 மணிக்குச் சுமத்ரா அருகே கடலடி நழுவியபோது, அதன் முதன்மை அலை நான்கு நிமிடங்களுக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் பந்தல்குடிக்கு அருகிலுள்ள திருச்சுழிக் காடுகளின் அடியிலும் கடந்து சென்றது. ஆழிப்பேரலை தமிழகக் கரையை அடைந்ததோ இரண்டு மணி நேரத்துக்கும் மேல் கழித்து. இந்தியப் பெருங்கடலுக்கென எச்சரிக்கை அமைப்பு அன்று இல்லை. ஐதராபாத்தில் 2007இல் எச்சரிக்கை மையம் தொடங்கப்பட்டது. 2011 முதல் இந்தியா, ஆஸ்திரேலியா, இந்தோனேசியா ஆகிய மூன்றும் இக்கடலைச் சூழ்ந்த நாடுகளுக்குத் தகவல் வழங்குகின்றன. கூட்டுறவுக்கு எல்லைகளும் உண்டு: அணுச்சோதனைத் தடை ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடாததால், அவ்வொப்பந்தத்தின் கண்காணிப்பு நிலையம் எதுவும் இந்நாட்டில் இல்லை.

கருவியைவிட அரிது, அதைப் படிக்கும் கண். ரூர்க்கியில் 1960இல் தொடங்கிய நிலநடுக்கப் பொறியியல் பள்ளியும், ஜப்பானில் 1962இல் உருவாகி யுனெஸ்கோ துணையுடன் வளர்ந்த பன்னாட்டு நிறுவனமும் இத்தகைய கண்களைப் பழக்கின. ரூர்க்கிப் பள்ளியை வளர்த்த பேராசிரியர் ஜெய் கிருஷ்ணா பின்னர் உலக நிலநடுக்கப் பொறியியல் சங்கத்துக்கே தலைவரானார். பயிற்சியில் கற்கவேண்டிய நுட்பங்களுள் ஒன்று, சுரங்க வெடியை நிலநடுக்கத்திலிருந்து பிரித்தறிவது. வெடி பாறையை எல்லாத் திசையிலும் வெளிநோக்கித் தள்ளுவதால், எந்த நிலையத்திலும் முதல் அசைவு மேல்நோக்கியே இருக்கும். பாறை நழுவலிலோ சில திசைகளில் மேல்நோக்கியும், சில திசைகளில் கீழ்நோக்கியுமாக அமையும். வெடியில் இரண்டாம் அலை பெரும்பாலும் வலுக்குன்றி நிற்கும். வேலை நேரத்தில் நிகழ்வதும் ஒரு துப்பு.

பந்தல்குடி போன்ற சுண்ணாம்புக்கல் சுரங்க ஊர்களின் பங்கும் இங்கே தொடங்குகிறது. இயற்கை நடுக்கத்தின் இடமும் நேரமும் கணித்துத்தான் அறியப்படும். சுரங்க வெடிக்கோ இரண்டையும் முன்கூட்டியே குறித்துவைக்கலாம். அந்தக் குறிப்பு நிலையங்களுக்குக் கிடைக்குமானால், மேலே சொன்ன 14 விநாடிக் கணக்கை நேரடியாகச் சோதித்து, இப்பகுதிப் பாறையில் அலைகளின் உண்மையான வேகத்தை ஆய்வாளர் திருத்திக்கொள்ள முடியும்.