விறகடுப்பு வறுவலின் பக்குவம் காஸ் அடுப்பிலும் வரும்

புரட்டாசி வந்துவிட்டால் நம் வீடுகளில் இறைச்சிச் சட்டி மேலே ஏறிவிடும். சாம்பாருக்கும் ரசத்துக்கும் பக்கத்துணை பெரும்பாலும் உருளைக்கிழங்கு வறுவல்தான். எளிய கறி என்று நினைக்கிறோம். ஆனால் வெளியே கருகி உள்ளே நறுக்கென்று நிற்கும், அல்லது குழைந்து களியாகிவிடும்.

சுங்கை சிப்புட், தாப்பா பக்கத்து ரப்பர் தோட்டங்களிலிருந்து ஈப்போவுக்குக் குடிவந்த பெரியவர்களைக் கேட்டால், அந்த விறகடுப்பு ருசி இப்போது வராது என்பார்கள். பாதி உண்மை. லயத்து வீட்டில் சோறு வடித்து, குழம்பை இறக்கிய பிறகும் ரப்பர் விறகின் தணல் மிஞ்சியிருக்கும். கிழங்குச் சட்டி அதன்மேல் ஏறும். கொழுந்துவிட்டு எரியும் தீ இல்லாததால் கிழங்கு மெதுவாகச் சிவக்கும். அந்தச் சூட்டைத்தான் நாம் காஸ் அடுப்பில் கொண்டுவர வேண்டும்.

நான்கு பேருக்கு அரை கிலோ போதும். மெல்லிய தோலும் மஞ்சள் சதையும் உள்ள கிழங்காகப் பாருங்கள். தடித்த பழுப்புத் தோல் கொண்ட ரசெட் வகையில் மாவு அதிகம். மசிப்பதற்கு நல்லது, வறுவலில் உதிரும். தோல் சீவி, ஓர் அங்குலத் துண்டுகளாக நறுக்கி, ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி உப்பு, கொஞ்சம் மஞ்சள்தூளோடு அடுப்பில் வையுங்கள். கொதிக்கும் நீரில் போட்டால் ஓரம் கரையும்போதும் நடுப்பகுதி வேகாமல் இருக்கும். கத்தி முனை தடையில்லாமல் இறங்கியதும் வடித்துவிடுங்கள்.

இனி வருவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். வடித்த கிழங்கைத் தட்டில் பரப்பி அரை மணி நேரம் ஆறவிட வேண்டும். வெந்த மாவுச்சத்து ஆறும்போது இறுகுவதால், புரட்டும்போது துண்டு உடையாது. மேலே உள்ள ஈரமும் காயும். ஈரம் இருக்கும்வரை கிழங்கின் மேற்புறச் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. நன்றாகச் சிவக்கவோ ஏறக்குறைய 140 டிகிரி வேண்டும்.

அகலமான சட்டியில் மூன்று மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, கடுகு, சோம்பு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, கிழங்கை ஒரே அடுக்காகப் போடுங்கள். குவித்தால் ஆவியில் அவியும், வறுபடாது. தீயைக் குறைத்து, ஐந்து நிமிடம் கரண்டியைத் தொடாதீர்கள். (இதுதான் கஷ்டம்!) அடிப்பக்கம் பொன்னிறமானதும் புரட்டி, மொத்தம் இருபது நிமிடம் விடுங்கள். கறித்தூளும் மிளகாய்த்தூளும் கடைசி மூன்று நிமிடத்தில்தான். முன்பே போட்டால் கருகிக் கசக்கும். இறக்கும்போது ஒரு கரண்டி நெய். வெண்ணெயில் உள்ள பால்சத்து சீக்கிரம் தீயும் என்பதால் என் ஓட்டு நெய்க்கே. புளியோ எலுமிச்சையோ விரும்பினால் அதுவும் கடைசியில்தான். புளிப்பு முந்தினால் கிழங்கு மிருதுவாகாது.

இனிப்புநீர் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை: சோற்றோடு கிழங்கு என்றால் மாவுச்சத்தின் மேல் மாவுச்சத்து. கிழங்கை வைக்கும் அளவுக்குச் சோற்றைக் குறையுங்கள்.

நம் சந்தைக் கிழங்கு பெரும்பாலும் கப்பலில் வருவது. மிச்சத்தை ஐஸ் பெட்டியில் வைக்காதீர்கள். குளிரில் மாவு சர்க்கரையாக மாறி, வறுக்கும்போது சீக்கிரம் கருக்கும். காற்றோட்டமான இருட்டில் வையுங்கள். தோலில் லேசாகப் பச்சை தெரிந்தால் அந்த இடத்தை ஆழமாகச் சீவுங்கள். நிறையப் படர்ந்திருந்தால் வீசிவிடுங்கள். அந்த நச்சு வேகவைத்தாலும் போகாது.