கோடைக்கால நெடும்பயணமும் மோட்டார் சைக்கிள் எஞ்சின் வெப்பமும்: நோயாளிகளும் பராமரிப்போரும் அறிய வேண்டியவை

சித்திரை, வைகாசி மாதங்களில் புறநோயாளிகள் பிரிவுக்கு வரும் தீக்காயங்களுள் ஒரு வகையைக் கண்டவுடன் அடையாளம் கூறிவிடலாம். வலது கெண்டைக்காலின் உட்புறத்தில், உள்ளங்கை அளவில், கொப்புளத்துடன் காணப்படும் காயம் அது. பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் புகைபோக்கிக் குழாய் வலப்புறம் அமைந்திருப்பதே இதற்குக் காரணம். சுட்டவுடன் வலிப்பதால் அநேகர் அன்றே வந்துவிடுகின்றனர். வலிக்காதவர்களைப் பற்றித்தான் மருத்துவர்கள் அதிகம் கவலைப்பட வேண்டியுள்ளது.

கைலாசபுரம் பகுதியிலிருந்து வந்த ஒருவருக்கு நீண்ட நாட்களாக நீரிழிவு நோய் இருந்தது. அவர் மே மாதத்தில் தம் பெரிய மோட்டார் சைக்கிளில் வேளாங்கண்ணி சென்று திரும்பினார். படுக்கை விரிப்பில் நீர்க்கறை இருப்பதைக் கண்ட அவருடைய மனைவிதான் காலைத் திருப்பிப் பார்த்தார். பயணம் முடிந்து அப்போது மூன்று நாட்கள் ஆகியிருந்தன. "வலித்திருந்தால் அன்றே வந்திருப்பேனே" என்றார் அவர். நீரிழிவால் கால் நரம்புகள் பாதிக்கப்பட்டிருந்தமையால் வெப்பமும் தெரியவில்லை, வலியும் தெரியவில்லை. காயம் ஆற ஆறு வாரங்களுக்கு மேல் ஆயிற்று.

எஞ்சின் வெப்பம் உடலை எவ்வாறு அடைகிறது?

கொதிகலன் செய்யும் ஊரில் வசிப்போருக்கு வெப்பம் இடம்பெயரும் முறையை நீட்டி விளக்கத் தேவையில்லை. எரியும் பெட்ரோலின் ஆற்றலில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரையே சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுகிறது. எஞ்சியது புகைபோக்கி வழியாகவும், எஞ்சினின் பரப்பு வழியாகவும், ரேடியேட்டர் வழியாகவும் வெப்பமாக வெளியேறுகிறது. காற்றால் குளிரும் எஞ்சின்களுக்கு வண்டி ஓடினால்தான் குளிர்ச்சி. திரவத்தால் குளிரும் எஞ்சின்களில் வண்டி நிற்கும்போது மின்விசிறி இயங்கி, சூடான காற்றை ஓட்டுநரின் முழங்கால், தொடைப் பகுதியை நோக்கித் தள்ளக்கூடும்.

எனவே வேகமாகச் செல்லும் நெடுஞ்சாலையைவிட மெதுவாக ஊரும் இடங்களே அதிகத் துன்பம் தருகின்றன. பால்பண்ணைச் சந்திப்பின் நெரிசல், சமயபுரம் சித்திரைத் தேரோட்டத்தின்போது பாதயாத்திரைக் கூட்டத்தின் நடுவே ஊர்ந்து செல்லுதல், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாழ்ந்த கியரில் ஏறுதல் ஆகியவற்றை எடுத்துக்காட்டாகக் கூறலாம். சிறிது நேரத்திற்கு மேல் நிற்க நேர்ந்தால் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி நிற்பது நல்லது. பயணத்திற்கு முன் எஞ்சின் ஆயிலையும் கூலன்ட் அளவையும் மெக்கானிக்கிடம் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

கொதிக்கும் உலோகத்தைத் தொட்டால்தான் தோல் வேகும் என்பதில்லை. ஏறக்குறைய 48 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள பரப்பில் கால் மணி நேரம் இடைவிடாமல் பட்டுக்கொண்டிருந்தாலும் தீக்காயம் ஏற்படலாம். 60 டிகிரியில் சில நொடிகளே போதும். உணர்ச்சியுள்ளவர் தம்மை அறியாமலே காலை நகர்த்திக்கொள்கிறார். நரம்பு பாதிப்புள்ளவர் அவ்வாறு செய்வதில்லை. ஆகவே நீரிழிவு நோயாளிகள் தடித்த பருத்தி அல்லது டெனிம் கால்சட்டையும் கணுக்காலை மூடும் காலணியும் அணிவதோடு, ஒவ்வொரு நிறுத்தத்திலும் கால்களைக் கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும். மெல்லிய செயற்கை இழைத் துணி உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் அதனைத் தவிர்க்கவும்.

காற்று பட்டால் குளிரும் என்ற எண்ணம்

நம் தோலின் வெப்பநிலை ஏறக்குறைய 35 டிகிரி ஆகும். வெளிக்காற்று 40 டிகிரியாக இருக்கும் நண்பகலில் அக்காற்று உடலுக்கு வெப்பத்தையே சேர்க்கிறது. அந்நிலையில் உடலைக் குளிர்விப்பது வியர்வை ஆவியாதல் மட்டுமே. அவ்வியர்வையும் காற்றின் வேகத்தில் உடனுக்குடன் உலர்ந்துவிடுவதால், 'எனக்கு வியர்க்கவே இல்லை' என்று எண்ணிக்கொண்டே ஒருவர் பெருமளவு நீரை இழக்க முடியும். திருச்சிக் கோடையில் இதுவே முதன்மையான ஆபத்து என்பது என் கருத்து. பாதுகாப்பு ஜாக்கெட்டையும் தலைக்கவசத்தையும் கழற்றுவது இதற்குத் தீர்வாகாது. ஜாக்கெட்டின் உள்ளே நனைத்த பருத்திப் பனியன் அணிந்து, கழுத்தில் ஈரத் துண்டைச் சுற்றி, அதன் முனைகளை ஜாக்கெட்டினுள் செருகிக்கொள்வது நன்கு பயன் தரும்.

தாகம் எடுக்கும்வரை காத்திருத்தல் கூடாது. ஏறக்குறைய 20 நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு குவளை நீர் என்பது பொதுவான அளவு. ஓட்டும்போது அது இயலாதாகையால், முக்கால் மணி நேரத்திற்கு ஒருமுறையாவது நிழலில் நிறுத்தி, விடுபட்ட அளவையும் சேர்த்துச் சிறிது சிறிதாக அருந்தவும். உப்பிட்ட நீர்மோர் பெரும்பாலோருக்கு ஏற்றது. கோடைத் திருவிழாக்களில் நீர்மோர்ப் பந்தல் வைக்கும் வழக்கம் வெறும் உபசாரம் அன்று. நீரிழிவு உள்ளவர்கள் பானகத்தையும் குளிர்பானங்களையும் தவிர்க்க வேண்டும். சிறுநீரக நோயாளிகளுக்கு இளநீரிலுள்ள பொட்டாசியம் தீங்கு விளைவிக்கக்கூடும். இதயச் செயலிழப்பு காரணமாக நீரின் அளவு கட்டுப்படுத்தப்பட்டவர்களுக்கு மேற்கூறிய அளவு பொருந்தாது. அவர்கள் தம் மருத்துவரிடம் அளவைக் கேட்டறிந்த பின்னரே புறப்பட வேண்டும். உண்மையில், அத்தகையோர் கோடையில் இருசக்கர நெடும்பயணத்தை மேற்கொள்ளாதிருப்பதே நன்று.

மருந்து உட்கொள்வோர் கவனத்திற்கு

சிறுநீரை வெளியேற்றும் மாத்திரைகள், சிலவகை இரத்த அழுத்த மாத்திரைகள், சளிக்கும் ஒவ்வாமைக்கும் தரப்படும் சில மாத்திரைகள், மனநல மருந்துகள் சில ஆகியவை உடலின் நீரிழப்பை அதிகரிக்கவோ வியர்வையைக் குறைக்கவோ கூடும். இதனைப் படித்துவிட்டு எவரும் மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. பயணத் தேதியைக் கூறி மருத்துவரின் ஆலோசனை பெறவும்.

இன்சுலின் எடுத்துச் செல்வோர் அதனைப் பெட்ரோல் டேங்க் மீதுள்ள பையிலோ இருக்கைக்கு அடியிலோ வைத்தல் கூடாது. எஞ்சின் சூட்டில் மருந்து வீரியம் இழந்துவிடும். பார்வைக்கு மாற்றம் தெரியாமலும் போகலாம். முதுகுப்பையினுள் குளிர்காப்புப் பையில் வைத்து, வண்டியை வெயிலில் நிறுத்தும்போது பையையும் உடன் எடுத்துச் செல்லவும்.

வியர்வையுடன் நீண்ட நேரம் அமர்ந்திருப்பதால் தொடை இடுக்கில் படர்தாமரை தோன்றுவது மிகச் சாதாரணம். கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு முதலில் அரிப்பைத் தணித்து, பின்னர் நோயைப் பரவச் செய்யும். அதனைப் பூச வேண்டாம்.

சுட்டுவிட்டால், மயங்கிவிட்டால்

தீக்காயத்தின்மீது குழாய் நீரை 20 நிமிடங்கள் ஓடவிடவும். வழியில் குழாய் இல்லையெனில் குடிநீரை மெதுவாக ஊற்றலாம். சற்றுத் தாமதமானாலும், மூன்று மணி நேரத்திற்குள் செய்தால் பயன் உண்டு. பனிக்கட்டி, பற்பசை, பேனா மை, மஞ்சள் எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காமல் தூய துணியால் மூடி, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்லவும். டெட்டனஸ் தடுப்பூசி தேவையா என்பதை அங்கே முடிவு செய்வர். நீரிழிவு நோயாளியின் காலில் ஏற்படும் காயம் நாணய அளவே இருப்பினும் அன்றே காட்டப்பட வேண்டும்.

தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு, அடர்நிறச் சிறுநீர் ஆகியவை தோன்றினால் பயணத்தை அங்கேயே நிறுத்தவும். பேச்சு குழறினாலோ, கூறுவது விளங்காமல் ஒருவர் தடுமாறினாலோ அது வெப்ப வாதமாக இருக்கலாம். அந்நிலையில் உடலின் உள் வெப்பநிலை 40 டிகிரியைத் தாண்டியிருக்கும், உயிருக்கு ஆபத்து உண்டு. 108-ஐ அழைத்துவிட்டு, வாகனம் வரும்வரை காத்திராமல் குளிர்விக்கத் தொடங்க வேண்டும். நிழலில் கிடத்தி, தலைக்கவசத்தையும் ஜாக்கெட்டையும் அகற்றி, உடல் முழுவதும் நீரூற்றி விசிறவும். பனிக்கட்டி கிடைத்தால் துணியில் சுற்றிக் கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் வைக்கவும். நினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாய்வழி எதுவும் புகட்டக் கூடாது. பாரசிட்டமால் இதற்குப் பயன்படாது.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்துள்ளது. கோடையில் பகல் 12 மணி முதல் 3 மணி வரை வெளியே செல்வதைத் தவிர்க்க வேண்டும் என்பது இருசக்கர வாகன ஓட்டிகளுக்கும் பொருந்தும். வாரம் முழுவதும் குளிரூட்டப்பட்ட அறையில் பணிபுரிந்து ஞாயிறன்று மட்டும் வெயிலில் இறங்குபவரின் உடல் வெப்பத்திற்குப் பழகியிராது. அதற்கு ஒன்றிரண்டு வாரங்கள் தேவை. கைலாசபுரத்திலிருந்து விடியற்காலையில் புறப்பட்டால் வெயில் ஏறுமுன் தஞ்சாவூரைக் கடந்துவிடலாம். திரும்பும் பயணத்தை மாலை 4 மணிக்குப் பின் வைத்துக்கொள்ளவும். வீட்டிலிருப்போர், வந்திறங்கியவரின் இரு கால்களையும் அன்றிரவே விளக்கொளியில் ஒருமுறை பார்த்துவிடவும்.