முத்திரை குத்தும் நொதி

நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்தைத் தொடங்கும் நாளில் உடனிருப்போர் எங்களிடம் அடிக்கடி கேட்பது இது: "கிருமியச் சாகடிக்கிற மருந்து ஆளை ஒண்ணும் செய்யாதா டாக்டர்?" அறந்தாங்கியிலிருந்தும் ஆலங்குடியிலிருந்தும் முதல் பேருந்தில் வந்து காத்திருப்போர் வரிசைக்கு நடுவே இதற்கு முழு விடை சொல்ல நேரம் வாய்ப்பதில்லை. எனவே இங்கே எழுதுகிறோம்.

ஒவ்வோர் உயிரணுவும் தனக்கு வேண்டிய புரதங்களைத் தானே செய்துகொள்கிறது. அதைச் செய்யும் நுண்கருவிக்கு ரைபோசோம் என்று பெயர். நம் உயிரணுக்களிலும் அது உண்டு, பாக்டீரியாவிலும் உண்டு. ஆனால் இரண்டின் அமைப்பும் ஒன்றல்ல. அந்த வேறுபாட்டைப் பற்றிக்கொண்டு பாக்டீரியாவின் ரைபோசோமை மட்டும் முடக்கும் மருந்துகள் பல: ஸ்ட்ரெப்டோமைசின், அமிகாசின், டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின், லினசோலிட். இத்தகைய மருந்துகள் ரைபோசோமின் எந்த இடுக்கில் சென்று அமர்கின்றன என்பதை அணு அளவில் காட்டியவர்களுள் ஒருவர், 1952-ல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். 2009-ல் தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோருடன் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஆகவே கேள்விக்கு விடை, 'பெரும்பாலும் செய்யாது' என்பதே. நம் உயிரணுக்களுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் ரைபோசோம் பாக்டீரியாவினுடையதை ஓரளவு ஒத்திருக்கும். அதனால்தான் லினசோலிட்டை நெடுநாள் உட்கொள்வோருக்குப் பாதத்தில் எரிச்சல், மதமதப்பு, பார்வை மங்கல், இரத்த அணுக் குறைவு ஆகியவை வரலாம். அமிகாசின் ஊசி போடுவோருக்குக் காதில் இரைச்சல் கேட்கலாம். இவற்றை அடுத்த மாதப் பரிசோதனை வரை தள்ளிப்போடாமல் உடனே தெரிவியுங்கள்.

சில வேளைகளில் மருந்து கிருமியையும் ஒன்றும் செய்வதில்லை. அது ஏன் என்பதற்கு ஒரு நொதியின் கதை நல்ல விளக்கம்.

ரைபோசோம் ஒரே வார்ப்பில் வருவதன்று. ஈ.கோலை என்னும் பாக்டீரியாவில் மூன்று ஆர்.என்.ஏ. இழைகளும் ஐம்பதுக்கும் மேற்பட்ட புரதங்களும் கூடி, பெரியதும் சிறியதுமாக இரு பகுதிகளாக உருவாகிப் பின்னர் இணைகின்றன. சிறு பகுதி முடிவடையும் தறுவாயில் வருவது கே.எஸ்.ஜி.ஏ. என்னும் நொதி. கடைவீதித் தராசுக்கும் எடைக்கல்லுக்கும் அரசு ஆய்வாளர் முத்திரை குத்துவாரே, ஏறத்தாழ அந்த வேலை. முதிராத சிறு பகுதியின்மீது அது அமர்ந்திருக்கும் வரை பெரும் பகுதி வந்து சேர இயலாது. 1,542 எழுத்துகள் கொண்ட ஆர்.என்.ஏ. இழையில் 1518, 1519 ஆகிய இடங்களில், இடத்துக்கு இரண்டாக, மெத்தில் என்னும் நான்கு வேதிக்குறிகளைப் பதித்துவிட்டு விலகும்.

நொதியின் பெயர் கசுகாமைசின் என்ற மருந்திலிருந்து வந்தது. நெல் பயிரிடும் வாசகர் சிலர் குலைநோய்க்கு அதைத் தெளித்திருக்கக்கூடும். ஜப்பானின் நாரா நகரத்துக் கசுகா கோயில் மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து 1960களில் பிரித்தெடுக்கப்பட்டது அது, ரைபோசோமையே முடக்குவது. அம்மருந்துக்குப் பணியாத ஈ.கோலையை ஆராய்ந்து 1971-ல் வெளியிட்டபோது, அக்கிருமி புதிய ஆயுதம் எதையும் பெற்றிருக்கவில்லை என்று தெரிந்தது. அந்த நான்கு குறிகள் இல்லாமற்போயிருந்தன, அவ்வளவே. முத்திரை இல்லாத ரைபோசோமில் மருந்தின் பிடி தளர்ந்தது. கிருமி சற்று மெதுவாக வளர்ந்தாலும் பிழைத்துக்கொண்டது.

இயல்பான கிருமியில் இந்நொதி மிகச் சிறிதளவே இருப்பதால் ஆய்வுக்குப் போதாது. எனவே அதன் மரபணுவை ஒரு வட்ட டி.என்.ஏ.வில் இணைத்து, வளர்ப்புக் குடுவையிலுள்ள பாக்டீரியாவுக்குள் செலுத்தி, நொதியை மிகுதியாகச் செய்யவைத்துப் பிரித்தெடுக்கிறார்கள். மறுசேர்க்கை முறை என்பது இதுவே. சர்க்கரை நோயாளிகளுக்கு இது அயலானதன்று. 1982-ல் ஒப்புதல் பெற்ற மனித இன்சுலின் இவ்வாறு உருவானதே. அதற்கு முன் பன்றியின் அல்லது மாட்டின் கணையத்தையே நம்பியிருந்தோம்.

2008-ல் வெளியான ஆய்வொன்று இன்னொன்றையும் காட்டியது. நொதி அறவே இல்லாத கிருமி ஓரளவு சமாளிக்கிறது. ஆனால் குறியிடும் திறனை மட்டும் இழந்த நொதி இருந்தால், அது ரைபோசோமின்மீது அமர்ந்து விலகாமல் கிருமியின் வளர்ச்சியையே கெடுக்கிறது. முத்திரையும் குத்தாமல் இடத்தையும் விடாமல் இருக்கும் ஆய்வாளரின் நிலை அது. அலுவலகங்களுக்கு நடந்து பழகியவர்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. நொதியை இப்படி நிறுத்திவைக்கும் மருந்தைச் செய்யலாமே என்ற எண்ணம் இதிலிருந்து எழுந்தது. மனித உயிரணுவிலும் இதே குடும்பத்து நொதி இருப்பதால் வழி எளிதன்று. அத்தகைய மருந்து இன்று எந்தக் கடையிலும் இல்லை. இருக்கும் மருந்துகளைத்தான் நாம் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

காசநோய்க் கிருமியிலும் இதையொத்த இழப்பு நேர்கிறது. ஜிட்-பி என்ற மரபணு பழுதடைந்தால் ரைபோசோமில் ஒரு மெத்தில் குறி விடுபட்டு ஸ்ட்ரெப்டோமைசினின் வலு குறைகிறது. 1940களில் அம்மருந்தைத் தனியே கொடுத்தபோது சில மாதங்களிலேயே பலரது கிருமி பணிய மறுத்தது. ஒரே கிருமியில் பல மாற்றங்கள் ஒருசேர நேர்வது மிக அரிது என்பதாலேயே இன்று கூட்டு மருந்து தருகிறோம். 1956-ல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம், வீட்டிலிருந்தே ஓராண்டு கூட்டு மருந்து உட்கொண்டோரும் சானடோரியத்தில் தங்கியோருக்கு ஒப்பாகக் குணமடைந்ததை 1959-ல் உலகுக்கு அறிவித்தது. புதுக்கோட்டையில் இன்று ஒருவர் தம் வீட்டிலிருந்தபடியே சிகிச்சை பெறுவதற்கு அவ்வாய்வும் ஒரு காரணம்.

இரண்டாம் மாதத்தில் இருமல் நின்று பசி திரும்பியதும் மாத்திரையை நிறுத்திவிடுவோரை நாங்கள் காண்கிறோம். அப்போது உடலில் எஞ்சியிருப்பவை மெதுவாக வளரும், எளிதில் சாகாத கிருமிகள். சாதாரணச் சளிக்குக் கடையில் தாமே மூன்று அசித்ரோமைசின் வாங்கி விழுங்குவதோ வேறு வகை. சளிக்குக் காரணம் பெரும்பாலும் வைரஸ். வைரஸுக்குச் சொந்த ரைபோசோமே கிடையாது. மாத்திரைக்கு அங்கே வேலையில்லை, நம் குடலிலுள்ள பாக்டீரியாக்களின்மீதுதான் அது பாயும்.

காசநோய் மருந்தில் சில நாட்கள் விட்டுப்போயிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். கடிந்துகொள்வதற்காக நாங்கள் கேட்பதில்லை. எத்தனை நாட்கள், எந்த மாதத்தில் என்று தெரிந்தால்தான் சளியை மீண்டும் சோதித்து, இதே மருந்தைத் தொடர்வதா மாற்றுவதா என்று முடிவுசெய்ய முடியும்.