ஹாப்ஸ் கொடிக்குப் புதுச்சேரி ஏன் ஒத்துவராது?

புதுச்சேரி தாவரவியல் பூங்காவைச் சுற்றிப் பார்த்திருக்கிறீர்களா? 1826-இல் பிரெஞ்சுக்காரர்கள் அமைத்தது. கடல் கடந்து வந்த எத்தனையோ மரங்கள் அங்கே வேர்பிடித்து நிற்கின்றன. ஆனால் பிரான்சின் அல்சாஸ் பகுதியில் தோட்டம் தோட்டமாக வளரும் ஹாப்ஸ் கொடியை நம் மொட்டைமாடித் தொட்டியில் வைத்தால், அது ஏமாந்துபோகும். எப்படி என்று பார்ப்போமா?

ஹாப்ஸ் கம்பியைச் சுற்றிக்கொண்டு 6 மீட்டர் உயரம்கூட ஏறும். நல்ல கோடையில் ஒரே நாளில் ஒரு சாண் நீளும்! தண்டிலுள்ள கொக்கி போன்ற சொரசொரப்பு பிடிமானம் தருகிறது. பெண் கொடியில் பச்சைச் செதில்கள் அடுக்கிய கூம்புகள் தொங்கும். செதிலைப் பிரித்தால் அடியில் மஞ்சள் தூள் ஒட்டியிருக்கும். கசப்பும் வாசனையும் அதில்தான். பியருக்குக் கசப்பு தருவதும், அது சீக்கிரம் கெடாமல் காப்பதும் ஹாப்ஸ்தான். தூக்கம் வராதவர்களுக்காகக் காய்ந்த கூம்புகளைத் தலையணையில் அடைத்துக் கொடுப்பது ஐரோப்பியக் கைவைத்தியம்.

இந்தக் கொடி பகலின் நீளத்தை அளந்து வளர்கிறது. ஜெர்மனியின் ஹாலர்டாவ் பகுதியில் ஜூன் மாதப் பகல் சுமார் 16 மணி நேரம். அப்போது உயர உயரப் போகும். பகல் குறையத் தொடங்கியதும் பூக்கும். புதுச்சேரியிலோ மிக நீண்ட பகல்கூட 13 மணி நேரத்தைத் தொடாது. 'பூக்கும் காலம் வந்துவிட்டது' என்று கொடி தப்புக்கணக்குப் போட்டு, குட்டையாக இருக்கும்போதே பூத்துவிடும். கூம்பும் சொற்பமாகவே கிடைக்கும். மாலையில் விளக்கு போட்டுப் பகலை நீட்டினால்தான் ஓங்கி வளரும். இந்தியாவில் இமாசலப் பிரதேசத்தின் லாகௌல் பள்ளத்தாக்கில் ஹாப்ஸ் பயிரிட்டிருக்கிறார்கள். கோடைப் பகல் அங்கே நம் ஊரைவிட நீளம்.

நம் தொட்டிக்கு முடக்கத்தான் போதும். வேலியில் பற்றுக்கம்பி வீசி ஏறும். அதன் பலூன் காயை அழுத்தினால் 'பட்' என்று வெடிக்கும். உள்ளே மூன்று அறைகள். கறுப்பு விதை ஒவ்வொன்றிலும் இதய வடிவில் வெள்ளைத் தழும்பு. விதை காயோடு ஒட்டியிருந்த இடம் அது! மூட்டுவலிக்கு நல்லதென்று இந்தக் கீரையை அரைத்துத் தோசை சுடுவது நம் வீட்டு வழக்கம். மருந்தாகச் சாப்பிடுவதென்றால் மருத்துவரைக் கேட்டுத்தான்.

கொடிகளுக்குத் திசையும் உண்டு. மேலிருந்து பார்த்தால் ஹாப்ஸ் கடிகாரமுள் போகும் பக்கமாகச் சுற்றும், அவரைக்கொடி எதிர்ப்பக்கம். ஓர் அவரைக்கொடியின் நுனியை மெதுவாக மாற்றிச் சுற்றிவிட்டு, அடுத்த சில நாட்கள் அது என்ன செய்கிறது என்று குறித்துவையுங்கள்.